எரிமலைக் கல்லை அடையாளம் காண்பது எப்படி: மதுரைப் பக்கத்து வாசகர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

யானைமலையைப் பார்த்துவிட்டு, "இது ஒரு காலத்தில் எரிமலையாக இருந்ததா?" என்று கேட்பவர்கள் உண்டு. இல்லை. யானைமலை மட்டுமல்ல, திருப்பரங்குன்றம், பசுமலை, சமணமலை, நாகமலை, அழகர்மலை என்று மதுரையைச் சுற்றியிருக்கும் எந்த மலையும் எரிமலை அல்ல. ஆனாலும் எரிமலைக் கற்கள் நம் வீடுகளுக்குள் வந்துகொண்டேதான் இருக்கின்றன. குதிகால் தேய்க்கும் நுரைக்கல், மாடித்தோட்டத் தொட்டியில் கலக்கும் வெள்ளை பெர்லைட், கையில் அணியும் கறுப்பு லாவா மணி, மீன் தொட்டிக்குள் வைக்கும் துளைக்கல், வடக்கே சுற்றுலா போன பிள்ளைகள் பையில் போட்டுக்கொண்டு வரும் கறுப்புக் கல் என்று வரிசை நீளும். இவற்றில் எது எரிமலை தந்தது, எது ஆலையில் செய்தது, எது முற்றிலும் வேறொன்று என்பதை வீட்டிலேயே பெருமளவு கண்டுபிடித்துவிடலாம்.

எரிமலை இல்லாத ஊரில் இருந்துகொண்டு இதைக் கற்க முடியுமா என்றால், இங்கேதான் நன்றாகக் கற்கலாம் என்பேன். எரிமலைப் பாறை பூமியின் மேற்பரப்பில் வேகமாக ஆறிய பாறை. அதை அடையாளம் காண, ஆழத்தில் மெதுவாக உருவான பாறையைக் கண் முதலில் பழகியிருக்க வேண்டும். அந்தப் பாறை நமக்கு வாசற்படியாகவும் அம்மியாகவும் கோயில் தூணாகவும் தினமும் காலிலும் கையிலும் படுகிறது.

என்னென்ன வேண்டும்

பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் சிறு லென்ஸ் ஒன்று முக்கியம். தெற்காவணி மூல வீதியில் நகை ஆசாரிகள் கல் பார்க்க வைத்திருக்கும் வகை லென்ஸ் போதும். இதோடு எஃகுக் கத்தி, நூலில் கட்டிய காந்தம், கிராம் காட்டும் சமையலறை மின்தராசு, ஒரு குவளைத் தண்ணீர், வினிகர் அல்லது எலுமிச்சைச் சாறு, பூச்சில்லாத அடிப்பக்கம் உள்ள ஓர் உடைந்த டைல்ஸ் துண்டு. கழிவறை கழுவும் ஆசிட் வேண்டவே வேண்டாம். அதன் புகை ஆபத்தானது, நம் வேலைக்குத் தேவையும் இல்லை.

சுத்தியலைப் பற்றி ஒரு வார்த்தை. யானைமலை, அரிட்டாபட்டி, மாங்குளம், கீழவளவு, கீழக்குயில்குடி ஆகிய இடங்களின் பாறைகளில் தமிழ்ப் பிராமி எழுத்துகளோ சமணப் படுக்கைகளோ சிற்பங்களோ இருக்கின்றன. அங்கே லென்ஸ் மட்டும் போகட்டும், சுத்தியல் வீட்டில் இருக்கட்டும். உடைத்துப் பார்க்க ஜல்லிக் குவியலில் கிடைக்கும் ஒரு துண்டே போதும். உடைக்கும்போது கண்ணுக்குக் கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள்.

முதல் படி: நம் கல்லைப் படியுங்கள்

ஒரு ஜல்லித் துண்டை எடுத்துக் கழுவி, புதிதாக உடைந்த முகத்தை வெயிலில் லென்ஸ் வைத்துப் பாருங்கள். அழுக்கு ஏறிய வெளிப்பக்கம் எதையும் சொல்லாது; எப்போதும் புது முகத்தைத்தான் பார்க்க வேண்டும். ஒன்றோடொன்று பின்னிக்கொண்ட பரல்கள் தெரியும். கண்ணாடிச் சில்லு மாதிரி ஒழுங்கற்று மினுங்குவது குவார்ட்ஸ். வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ, தட்டையான முகத்தில் ஒளியைத் திருப்பி அடிப்பது பெல்ஸ்பார். கறுத்து, இதழ் இதழாக நகத்தில் பெயர்ந்து வருவது காக்காப்பொன். சில துண்டுகளில் ஒயின் நிறத்தில் உருண்டையான புள்ளிகள் இருக்கும், அவை கார்னெட். மேலூர்ப் பக்கம் வெட்டி எடுத்து ‘காஷ்மீர் ஒயிட்’ என்ற பெயரில் விற்கும் வெள்ளைக் கல்லில் இந்தச் சிவப்புப் புள்ளிகளை வெறும் கண்ணாலேயே பார்க்கலாம். கிரானைட் கடையில் மெருகேற்றி நிறுத்தியிருக்கும் பலகைகள் பரல் பார்ப்பதற்கு அருமையான பாடப்புத்தகம். கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு ஒரு அரை மணி நேரம் பார்த்துவிட்டு வாருங்கள்.

கறுப்பும் வெளுப்புமாகப் பட்டைகள் ஓடினால் அது நைஸ் பாறை. பட்டை இல்லாமல், எண்ணெய் தடவியதுபோல் பச்சை கலந்த கருமையாக இருந்தால் அநேகமாகச் சார்னோகைட். கொடைக்கானல் மலையும் வருசநாட்டு மலையும் பெரும்பாலும் இந்த வகைதான். சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன், பல கிலோமீட்டர் ஆழத்தில், 800 டிகிரி செல்சியஸுக்கு மேல் வெந்து உருமாறியவை இந்தப் பாறைகள். மேலே இருந்ததெல்லாம் தேய்ந்து கரைந்த பிறகுதான் இன்று நம் காலடிக்கு வந்திருக்கின்றன. வைகை பிறக்கும் இடம் முதல் மதுரை வரை இரு கரையிலும் இப்படிப்பட்ட பழைய பாறைகள்தான் என்பதால், ஆற்றில் கிடைத்த கூழாங்கல்லை எரிமலைக் கல் என்று யாராவது காட்டினால் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

இரண்டாம் படி: பரலின் அளவு

கற்கண்டும் சீனியும் ஒரே பாகிலிருந்து வருகின்றன. நாள்கணக்கில் அசையாமல் ஆறவிட்டால் பெரிய கற்கண்டு. கிளறி வேகமாக ஆறவிட்டால் பொடிச் சீனி. கற்குழம்பும் அப்படித்தான். ஆழத்தில் பல்லாயிரம் ஆண்டுகள் ஆறினால் பரல்கள் விரல் நகம் அளவுக்குக்கூட வளரும். வெளியே கொட்டிச் சில நாள்களிலோ மாதங்களிலோ உறைந்தால், லென்ஸ் வைத்தாலும் தனித்தனியாகப் பிரியாத அளவுக்குப் பொடியாகிவிடும். தண்ணீரில் விழுந்தோ காற்றில் பறந்தோ சட்டென உறைந்தால் படிகமே உருவாகாது, கண்ணாடியாகிவிடும்.

ஆகவே புது முகத்தில் பரல்கள் வெறும் கண்ணுக்குத் தெளிவாகப் பிரிகின்றனவா? அப்படியானால் அது எரிமலை கக்கிய கல் அல்ல. கறுப்பாக இருந்தாலும் அல்ல. வீட்டுச் சமையல் மேடையில் போடும் ‘பிளாக் கேலக்ஸி’ கறுப்புதான், ஆனால் அது நிலத்தடியில் ஆறியது. டோலரைட் என்ற கறுப்புக் கல் இரண்டுக்கும் நடுவில் நிற்கும். பாறை வெடிப்புகளுக்குள் கற்குழம்பு ஏறி உறைந்தது அது. லென்ஸில் சின்னச் சின்னக் கோடுகளாகப் பெல்ஸ்பார் தெரிந்து, துளையே இல்லாமல் இருந்தால் டோலரைட் என்று எழுதிவையுங்கள். பசால்ட் என்ற கறுப்பு எரிமலைக் கல்லோடு அதிகம் குழம்புவது இதுதான்.

பரல் தெரியாத பொடிப் பரப்பின் நடுவே அங்கங்கே சில பெரிய படிகங்கள் மட்டும் பதிந்திருந்தால் மகிழ்ச்சி அடையலாம். ஆழத்தில் சிறிது காலம் மெதுவாக வளர்ந்த படிகங்களைச் சுமந்துகொண்டு மேலே வந்த குழம்பு, வந்தவுடன் மீதியைப் பொடியாக உறையவிட்டிருக்கிறது. எரிமலைப் பாறைக்கு இதைவிட நல்ல கையொப்பம் கிடைப்பது அரிது.

மூன்றாம் படி: துளைகள்

துளை இருந்தாலே எரிமலைக் கல் என்று நினைப்பதுதான் பரவலான பிழை. எரிமலைத் துளை என்பது குழம்பில் கரைந்திருந்த வாயு குமிழியாகி வெளியேறிய தடம். அதன் உட்சுவர் வழவழப்பாக இருக்கும். வட்டமாகவோ, குழம்பு ஓடிய திசையில் இழுபட்டு நீள்வட்டமாகவோ இருக்கும். கல்லை உடைத்தால் உள்ளேயும் அதே துளைகள் தொடரும். வெயிலிலும் மழையிலும் பரல் உதிர்ந்து உண்டான குழி என்றால் வெளித்தோலோடு நின்றுவிடும். விளிம்பும் கரடுமுரடாக இருக்கும்.

நம் பக்கத்தில் ஏமாற்றும் துளைக்கற்களை ஒவ்வொன்றாகச் சொல்லிவிடுகிறேன்.

சிவகங்கைப் பக்கம் கிடைக்கும் செம்புரைக்கல்: துளைகள் கோணல்மாணலாக, மண் அடைத்து இருக்கும். டைல்ஸின் பூச்சில்லாத பக்கத்தில் உரசினால் காவியோ மஞ்சளோ கோடு விழும். பசால்ட் அப்படிக் கோடு போடாது.

சுக்கான்கல்: வெளிறிய முண்டும் முடிச்சுமான கல். ஒரு துளி வினிகர் விட்டு லென்ஸில் பாருங்கள், நுரைத்தால் சுண்ணாம்பு.

இரும்புக் கிட்டம்: பழங்காலத்தில் இரும்பு உருக்கிய இடங்களில் கிடைக்கும் கசடு, சித்த மருத்துவத்தில் மண்டூரம் என்று வழங்குவதும் இதுவே. உருகி வழிந்த சுருக்கங்கள், குமிழித் துளைகள், கண்ணாடிப் பளபளப்பு எல்லாம் இருக்கும். அனுபவசாலிகளே ஒரு நொடி தடுமாறுவார்கள். கையில் எடுத்தால் கனக்கும், துருப் பிடித்திருக்கும், சில துண்டுகளில் கரித்தடம் ஒட்டியிருக்கும். பழைய வாழ்விட மேடுகளில் இதைக் கண்டால் எடுக்காதீர்கள். அது தொல்லியல் சான்று. கிடக்கும் இடத்திலேயே இருந்தால்தான் அதற்கு மதிப்பு.

ரயில் பாதையோரம் கிடக்கும் நிலக்கரிக் கிளிங்கர்: நீராவி எஞ்சின் காலத்தின் மிச்சம். இலேசாக, சாம்பல் நிறத்தில், துளைத்துளையாக இருப்பதால் ஸ்கோரியா என்ற துளை நிறைந்த எரிமலைக் கல் என்று எளிதில் நம்பிவிடலாம். ஒரே துண்டுக்குள் உருகிய பகுதியும் உருகாத சாம்பலும் கரியும் கலந்து கிடக்கும். செங்கல் காளவாசலில் அளவுக்கு மீறி வெந்து கருத்து உருகிய செங்கலும் இதே ரகம். ஒரு மூலையிலாவது செங்கலின் சிவப்பு எட்டிப் பார்க்கும்.

நான்காம் படி: எடை

இதைத் தவிர்த்துவிட்டு யாரும் முடிவுக்கு வரக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. செய்வது எளிது. கல்லைத் தராசில் வைத்து எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு தண்ணீர்க் குவளையைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்குங்கள். கல்லை நூலில் கட்டி, குவளையின் அடியையோ பக்கத்தையோ தொடாமல் முழுக்க மூழ்கும்படி கையில் தொங்கவிடுங்கள். இப்போது தராசு காட்டும் கிராம்தான் கல்லின் கன அளவு, கன சென்டிமீட்டரில். முதல் எண்ணை இதனால் வகுங்கள். 290 கிராம் கல் தண்ணீரில் தொங்கும்போது தராசு 100 காட்டினால், அடர்த்தி 2.9.

துளையில்லாத பசால்ட் 2.8 முதல் 3.0 வரை வரும். நம் கிரானைட் 2.6, 2.7. ரியோலைட் என்ற வெளிறிய எரிமலைக் கல் அதற்குச் சற்றுக் கீழே. அப்சிடியன் என்ற எரிமலைக் கண்ணாடி 2.4 ஒட்டி. இரும்புக் கிட்டம் 3-ஐத் தாண்டிப் போகும். நுரைக்கல் 1-க்கும் கீழே, அதனால்தான் மிதக்கிறது. துளையுள்ள கல்லில் நீர் ஏறும் என்பதால் எண் பிசகும். அதில் குமிழி வெளியேறுவது நிற்கும் வரை ஊறவைத்து, மேல் ஈரத்தைத் துடைத்து, எடையை மறுபடி எடுத்துச் செய்தால் ஓரளவு சரியாக வரும்.

காந்தத்தையும் இப்போதே காட்டிவிடுங்கள். பசால்ட்டில் நுண்ணிய காந்தக்கல் துகள்கள் இருப்பதால் நூலில் தொங்கும் காந்தம் மெல்லச் சாயும். ஆனால் சார்னோகைட்டும் சில நேரம் இழுக்கும். ஆகவே காந்தம் துணைச் சாட்சிதான்.

ஐந்தாம் படி: நிறமும் வகையும்

நிறத்தை இவ்வளவு பிந்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பரலும் துளையும் எடையும் சேர்ந்து ‘இது எரிமலைக் கல்’ என்று சொன்ன பிறகுதான், எந்த வகை என்று பார்க்க நிறம் உதவும். குழம்பில் சிலிக்கா (குவார்ட்ஸ் ஆகியிருக்கும் அதே பொருள்) குறைவாக இருந்தால் கல் கறுக்கும், கூடக்கூட வெளுக்கும். பசால்ட்டில் சிலிக்கா 45 முதல் 52 சதவீதம், ஆண்டசைட்டில் 63 வரை, ரியோலைட்டில் 70-ஐ ஒட்டியும் அதற்கு மேலும்.

பசால்ட். உங்கள் கைக்கு வரும் வாய்ப்பு அதிகம் உள்ளது இதுதான். சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் பெருகி ஓடிய தக்காணக் குழம்பு இன்றும் ஐந்து லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பில் அடுக்கடுக்காகக் கிடக்கிறது. அஜந்தா, எல்லோரா குகைகள் குடையப்பட்டது இதில்தான். மும்பை ரயிலில் போகிறவர்கள் கலபுரகி, சோலாப்பூர் வட்டாரத்தில் தண்டவாளத்து ஜல்லியைக் கவனியுங்கள். நம் ஊர் ஜல்லியில் மினுங்கும் வெள்ளைப் பரல் எதுவும் இல்லாமல், கருஞ்சாம்பல் நிறத்தில் மந்தமாக இருக்கும். வெளித்தோல் துருச் சிவப்பாக மாறியிருந்தாலும் உள்ளே கருமைதான். பச்சைக் கண்ணாடித் துளி போலப் பதிந்திருப்பது ஆலிவின்.

பசால்ட்டின் குமிழித் துளைகளில் பின்னாளில் நிலத்தடி நீர் கொண்டுவந்த தாதுக்கள் நிரம்பிவிடுவதுண்டு. கறுத்த கல்லில் வெள்ளை உருண்டைகள் பதித்தது மாதிரி தெரிந்தால் இதுதான். வினிகருக்கு நுரைத்தால் கால்சைட். ஊசி ஊசியாக விரிந்திருந்தால் சியோலைட். கத்திக்கு மசியாமல் வளையம் வளையமாக இருந்தால் அகேட். அகேட்டின் செந்நிற உறவுதான் சூதுபவளம். கீழடி அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் சூதுபவள மணிகளையும் அகேட் மணிகளையும் இந்தக் கண்ணோடு ஒரு முறை பாருங்கள். இந்தியாவில் அவ்வகைக் கற்களுக்குப் பேர்பெற்ற இடம் குஜராத். அங்கே எரிமலைக் குழம்பின் துளையில் உருவான கல் அது. வைகைக் கரையில் எரிமலை இல்லை என்றாலும், எரிமலையின் பிள்ளையை இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இங்கே கழுத்தில் அணிந்திருக்கிறார்கள். எனக்கு அந்தப் பெட்டியின் முன்னால் நிற்பது அலுப்பதே இல்லை.

ஓர் எச்சரிக்கை: கரிசல் மண் இருக்கும் இடத்தில் பசால்ட் இருக்கும் என்று பள்ளிப் பாடத்தை நினைத்துக்கொண்டு திருமங்கலம், அருப்புக்கோட்டை, கோவில்பட்டிப் பக்கம் தேடிப் போகாதீர்கள். நம் தென்கரிசலுக்கு அடியில் இருப்பது பழைய நைஸ் வகைப் பாறைகள்தான். கரிசல் உருவாக எரிமலை கட்டாயம் இல்லை.

ஆண்டசைட். நடுத்தரச் சாம்பல் நிறம். வெள்ளைப் பெல்ஸ்பார் துண்டுகளும் குச்சி குச்சியான கறுப்பு ஹார்ன்பிளெண்டும் பதிந்திருக்கும். இந்தியாவில் இதற்கு உதாரணம் அந்தமானின் நார்கொண்டம் தீவு. அதே அந்தமான் கடலில் உள்ள பாரன் (Barren) தீவுதான் நாட்டில் இன்றும் உயிரோடு இருக்கும் எரிமலை. அது கக்குவது பெரும்பாலும் பசால்ட் வகை.

ரியோலைட். வெளிர் சாம்பல், இளஞ்சிவப்பு, செங்காவி. ஜோத்பூரின் மெஹ்ரன்கர் கோட்டை நிற்பது ரியோலைட் குன்றின் மேல். மதுரைக்காரர்கள் ஆழ்ந்து பார்க்க வேண்டிய இணை இது. யானைமலையின் இளஞ்சிவப்புப் பாறையில் இருக்கும் அதே குவார்ட்ஸ், அதே பெல்ஸ்பார் சேர்மானம்தான் ஏறக்குறைய ரியோலைட்டிலும். இங்கே பரல் பரலாகத் தெரிவது அங்கே பொடியாகி, ஓடிய குழம்பின் மெல்லிய வரிகள் மட்டும் தெரியும். இரண்டு துண்டுகளை அருகருகே வைத்துப் பார்த்தவர்கள் பிறகு நிறத்தை நம்பிக் கல்லுக்குப் பெயர் சூட்ட மாட்டார்கள்.

அப்சிடியன். எரிமலைக் கண்ணாடி. உடைந்த முகத்தில் வளைவு வளைவான வரிகள், கத்தி போன்ற விளிம்பு. மெல்லிய ஓரத்தை வெளிச்சத்தில் பிடித்தால் புகை நிறத்தில் ஒளி ஊடுருவும். கடைகளில் பளீரென்ற நீலத்திலும் பச்சையிலும் விற்பது பெரும்பாலும் ஆலைக் கண்ணாடி. உள்ளே முழு வட்டக் குமிழிகள் தெரிந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். தோட்டக் கடை பெர்லைட்டும் ஈரம் பொதிந்த எரிமலைக் கண்ணாடிதான். ஆலையில் சூடேற்றிப் பொரிய வைத்து விற்கிறார்கள்.

ஸ்கோரியா. கருஞ்சிவப்பு அல்லது கறுப்பு, துளைச் சுவர்கள் தடித்தவை. தண்ணீரில் போட்டால் மூழ்கும். மீன் தொட்டிக் கல்லும் கைவளை லாவா மணியும் அசலாக இருந்தால் இந்த வகையோ துளைப் பசால்ட்டோதான். மணியில் சாயம் ஏற்றியிருந்தால் ஈரப் பஞ்சில் தேய்த்தால் தெரிந்துவிடும்.

நுரைக்கல். வெளிறியது, துளைச் சுவர்கள் இழை இழையாக மெல்லியவை, மிதக்கும். 1883-இல் கிரகட்டோவா வெடித்தபோது சிதறிய நுரைக்கற்கள் இந்தியப் பெருங்கடலைக் கடந்து ஆப்பிரிக்கக் கரை வரை மிதந்து போயின. கடையில் வாங்கியது அசலா என்று அறிய லென்ஸில் துளைகளைப் பாருங்கள். அசலில் துளைகள் அளவில் கலந்து, ஒரு பக்கமாக இழுபட்டிருக்கும். நடுவே படிகத் துணுக்குகளும் தென்படலாம். எல்லாத் துளையும் ஒரே அளவில் அச்சில் வார்த்ததுபோல் இருந்தால் செயற்கை. தேய்க்கும்போது அழுகிய முட்டை நாற்றம் வந்தால் அது நுரைக் கண்ணாடி.

ராமேஸ்வரம் போய்வந்தவர்கள் மிதக்கும் கல் பற்றிக் கேட்காமல் இருப்பதில்லை. பக்தியோடு வணங்குவது அவரவர் உள்ளம். அதைத் தொட நான் வரவில்லை. உங்களிடமே ஒரு சிறு துண்டு இருந்து, அது என்ன வகை என்று அறிய விரும்பினால் இரண்டு சோதனைகள் உண்டு. ஒரே மாதிரியான சிறு கிண்ணங்களோ நட்சத்திர வடிவங்களோ வரிசையாகத் திரும்பத் திரும்ப வந்தால், அது பவளப் பூச்சிகள் கட்டிய கூடு. வினிகர் விட்டு நுரைத்தால் அது உறுதி. நுரைக்கல் வினிகருக்கு அசையாது. மன்னார் வளைகுடாவில் பவளம் எடுப்பது சட்டப்படி குற்றம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

சாம்பல் பாறை. ‘டஃப்’ என்பார்கள். பறந்து விழுந்த சாம்பலும் நுரைக்கல் துணுக்கும் உடைந்த படிகமும் கலந்து இறுகியது. கத்தியால் பெரும்பாலும் கீறலாம். பரல்கள் பின்னிக்கொள்ளாமல் ஒட்டிக்கொண்டு நிற்பதுதான் அடையாளம். மணற்கல்லோடு குழம்பும், மணற்கல்லின் பரல்கள் தேய்ந்து உருண்டவை, சாம்பல் பாறையின் துணுக்குகள் கூர்முனை கொண்டவை.

சோதனைகள் முரண்பட்டால்

பரல் பசால்ட் என்கிறது, எடை 3.5 என்கிறது என்றால் எடையின் பக்கம் நில்லுங்கள், கிட்டமாக இருக்கலாம். டோலரைட்டா பசால்ட்டா, ஆண்டசைட்டா அதற்கு நெருங்கிய டேசைட் என்ற எரிமலைக் கல்லா என்ற கேள்விகளுக்குக் கையும் லென்ஸும் முடிவான பதில் தராது. கல்லை 0.03 மில்லிமீட்டர் தடிமனுக்குத் தேய்த்து நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும், இல்லையேல் வேதியியல் பகுப்பாய்வு வேண்டும். புவியியல் துறை உள்ள கல்லூரிகளில் கேட்டுப் பார்க்கலாம். போகும்போது கல்லை மட்டும் கொண்டுபோகாதீர்கள். எங்கே, எந்த நாளில் கிடைத்தது, பாறையோடு ஒட்டியிருந்ததா, சும்மா கிடந்ததா, கடையில் வாங்கியதா என்பதை ஒரு தாளில் எழுதி அதே பையில் போட்டுக்கொண்டு போங்கள். நீங்கள் செய்த சோதனைகளையும் கிடைத்த எண்களையும் அதே தாளின் பின்பக்கம் எழுதுங்கள். கல்லில் நேரடியாக எழுதுவதானால் ஒரு மூலையில் வெள்ளை பெயின்ட் பூசி, காய்ந்த பின் அதன் மேல் எண் மட்டும் எழுதுங்கள். புது முகத்தில் பெயின்ட் படக் கூடாது.